சிறகடியில் வைத்த பொட்டு

மைசூரில் பஸ் வைத்திருந்தவர்கள் பலர். பஸ்ஸோடு ஆகாய விமானமும் வைத்திருந்தவர் லிங்கப்பன் ஒருவர்தான்.

ஹனூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த மனிதர். தேவராஜ மொஹல்லாவில் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட்டைப் பிடித்து, பழைய பஸ் ஒன்றை வாங்கி ஓட்டி, அது ஒன்றுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு நிற்கிற அளவுக்கு வந்திருந்தார். நஞ்சன்கூடு வழியாகக் கொள்ளேகால் வரை அவருடைய பஸ்தான். விமான ஆசை அவருக்கு நேராக வரவில்லை. தம்பி சித்தையனுக்கு வந்து, அவனிடமிருந்து தொற்றியது. சித்தையன் மெட்ராஸுக்குப் போய் விமானம் ஓட்டப் படித்து லைசென்ஸும் வாங்கி வந்துவிட்டான். வானத்தில் ஓட்டத் தெரிந்த பிள்ளை பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்க அண்ணனுக்கு மனசு கேட்கவில்லை. தசராவுக்கு வருகிற கூட்டத்தில் ஆசைப்பட்டவர்களை ஒவ்வொருவராக ஏற்றிச் சாமுண்டி மலையைச் சுற்றிக் காட்டலாம் என்று சித்தையன் சொன்னதும், பெங்களூர் கண்டோன்மென்ட்டில் பழைய விமானம் விற்கிற ஹார்க்ரோவ் கம்பெனியின் வாசலில் போய் நின்றுவிட்டார்.

வாங்கியது ஆள் இரண்டு பேர் உட்காரும் விமானம். மேலே ஒரு ஜோடி சிறகு, கீழே ஒரு ஜோடி. சிறகு என்றால் தகரமோ இரும்போ இல்லை. குறுக்கே இரண்டு நீளக் கட்டைகள், அவற்றின் மேல் விலா எலும்பு மாதிரி மெல்லிய மரச்சட்டங்கள், எல்லாவற்றையும் சேர்த்து ஒட்டியிருப்பது பசை. அதன் மேல் துணியை இழுத்துக் கட்டி, டோப் என்கிற நெடியடிக்கும் வார்னிஷை நாலைந்து பூச்சு பூசினால் துணி தவில் தோல் போல விறைத்துக்கொள்ளும். தட்டினால் டங்கென்று கேட்கும். லிங்கப்பன் வருகிறவர் போகிறவரையெல்லாம் கூப்பிட்டுத் தட்டிக் காட்டுவார்.

வருஷத்துக்கு ஒரு தடவை விமானத்தைப் பிரித்துப் பார்த்து, பறக்கத் தகுதியுள்ளது என்று லைசென்ஸ் பெற்ற எஞ்சினியர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்பது சட்டம். தசராவுக்கு முன் அந்தத் தவணை வந்தது. ஹார்க்ரோவ் கம்பெனிக்கே அனுப்பினார்கள். அவர்கள் கீழ்ச் சிறகுகளின் பழைய துணியைக் கிழித்துவிட்டு, உள்ளே தளர்ந்திருந்த மூட்டுகளை மறுபடி ஒட்டி, புதுத் துணி போர்த்தி, கையெழுத்தோடு திருப்பிக் கொடுத்தார்கள். வெள்ளி மாதிரி பளபளத்துக்கொண்டு வந்து இறங்கியது.

அடுத்தாற்போல் ஆயுத பூஜை வந்தது.

லிங்கப்பன் ஷெட்டில் ஆயுத பூஜை என்றால் விளையாட்டில்லை. பஸ்களை வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, வாழைக்கன்று கட்டி, சந்தனம் குங்குமம் வைப்பார்கள். ஏனோதானோவென்று நெற்றியில் ஒன்று வைத்துவிட்டுப் போவதில்லை. சக்கரத்து நட்டு ஒன்றுக்கு ஒரு பொட்டு. ஸ்டியரிங்குக்கு, விளக்குக்கு, ஹாரனுக்கு, பெட்ரோல் மூடிக்கு. ஒரு நட்டு விட்டுப்போனால் அது கோபித்துக்கொண்டு வழியில் கழன்றுவிடும் என்று டிரைவர்களுக்குள் ஒரு பேச்சு. வைத்த பொட்டைத் துடைக்கவும் கூடாது. தானாக உதிரும் வரை விட்டுவிட வேண்டும்.

விமானத்துக்கும் அப்படியே நடந்தது. நஞ்சன்கூடு போகிற வழியிலிருந்த மைதானத்தில், கீற்றுக் கொட்டகையில் வைத்து நன்றாகக் கழுவினார்கள். பொட்டு வைக்கிற வேலையை லிங்கப்பன் யாரிடமும் விடவில்லை. சந்தனக் கிண்ணத்தோடு கீழ்ச் சிறகின் அடியில் குனிந்து போனவர், அங்கே கண்டதைப் பார்த்துச் சொக்கிப்போனார். சிறகின் பின்விளிம்பை ஒட்டி, பூட்ஸில் கயிறு கோக்கிற துளைகளைப் போலப் பித்தளை வளையம் போட்ட சின்னச் சின்னக் கண்கள், ஒரே சீராக இடைவெளி விட்டு, ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரைக்கும் இருந்தன. பொட்டு வைக்கவென்றே யாரோ இடம் பண்ணி வைத்த மாதிரி! மோதிர விரலால் சந்தனத்தைத் தாராளமாக வழித்து ஒவ்வொரு கண்ணிலும் அப்பி, நடுவில் குங்குமம் வைத்துக்கொண்டே போனார். மனைவி கமலம்மாள் மாலை சாத்தினாள். போட்டோ பிடிக்கிறவர் குனிந்து நின்று படம் எடுத்தார்.

பெட்ரோல் வாங்கப் போயிருந்த சித்தையன் அப்போதுதான் வந்தான். சிறகடியை எட்டிப் பார்த்தவன் பதறிப்போனான்.

"அண்ணா, அந்தத் துளையில எல்லாமா வச்சீங்க? அது தண்ணி வடியறதுக்குங்ண்ணா. உள்ள காத்துப் போய் வாரதுக்கும் அதுதான் வழி."

"எந்தத் தண்ணிடா? எல்லாம் தொடச்சாச்சு."

"கழுவினப்ப உள்ள போயிருக்கும். மழையில போகும். பனியிலயே ஈரம் சேரும். துணியெடுத்துத் தொடச்சு உடறேன்."

"டேய், பூஜை பண்ணின சந்தனத்தையா?" லிங்கப்பன் தம்பி கையைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்கு சனங்கள ஏத்திட்டு மேல போறவன் நீ. வச்ச பொட்ட அழிச்சுப்போட்டா போவ? பஸ்ஸுல வைக்கறது நாலு நாள்ல உதுந்துதானே போவுது? இதுவும் உதுரும்."

கமலம்மாளும், "வேண்டாம் கொழுந்தனாரே, மனசுக்கு ஒரு மாதிரி இருக்கும்" என்றாள்.

சித்தையன் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான். "சரி, உதுரட்டும்" என்றான்.

பஸ்ஸில் பொட்டு உதிர்வதற்குக் காரணம் உண்டு. பஸ் குலுங்குகிறது, புழுதி உரசுகிறது, போகிற வருகிறவன் கை படுகிறது. சிறகடியில் எதுவும் உரசாது. இழைத்த சந்தனம் காய்ந்தால் மரத்தூள் இறுகி அடைத்த தக்கையாகிவிடும். போதாததற்கு, அந்த விமானம் தரையில் நிற்கும்போது மூக்கைத் தூக்கி வாலை ஊன்றிக்கொண்டு நிற்கிற ஜாதி. அப்படி நிற்கையில் சிறகின் பின்விளிம்புதான் எல்லாவற்றிலும் தாழ்வான இடம். உள்ளே ஈரம் இருந்தால் அங்கேதான் வந்து சேரும். செய்தவன் யோசித்துத்தான் அங்கே துளை வைத்தான்.

தசராவில் விமானம் பறந்தது, கூட்டம் கைதட்டியது, பொட்டை எல்லோரும் மறந்துபோனார்கள். ஐப்பசி மழை அடித்தது. கீற்றுக் கொட்டகை ஒழுகியது. தை மாதத்தில் ஒரு காலை, சித்தையன் ஆள் யாரையும் ஏற்றாமல் சும்மா எஞ்சினை ஓடவிட்டுப் பார்க்க மேலே போனான். மைதானத்தைச் சுற்றித் திரும்புகையில் இடது கீழ்ச் சிறகின் பின்பக்கம் பொத்தென்று விட்டுப்போனது. துணி கிழிந்து கொடி மாதிரி அடித்துக்கொண்டதை லிங்கப்பன் கீழே நின்று தன் கண்ணால் பார்த்தார். சாய்ந்துகொண்டே போன விமானத்தை எப்படியோ இழுத்துப் பிடித்து ஒரு ராகிக் கொல்லையில் கொண்டுவந்து போட்டான். உயிர் தப்பியது. தொடை எலும்பு முறிந்து, கூடிய பிறகு ஒரு கால் குட்டையாகிவிட்டது.

அவன் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதே டில்லி விமான இலாகாவிலிருந்து காகிதம் வந்தது. விமானி திருப்பும்போது அளவு மீறி முறுக்கிச் சிறகை உடைத்துவிட்டதாக ஹார்க்ரோவ் கம்பெனி எழுதியிருந்ததாம். ஆகையால் சித்தையனின் லைசென்ஸ் நிறுத்தி வைக்கப்படுகிறது. சிறகு முன்பே கெட்டிருந்தது என்று ஒரு நீதிமன்றம் சொன்னால் மறுபடி யோசிப்பார்கள்.

"கால் போனது போவட்டும்ணா. ஓட்டத் தெரியாதவன்னு எழுதிட்டானே" என்று சித்தையன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். லிங்கப்பன் அன்றைக்கே வக்கீல் பர்னபாஸிடம் போனார்.

பர்னபாஸ் மைசூரில் பேர்போன வக்கீல். யாருக்கும் புரிகிற மாதிரி சட்டத்தைப் பிட்டுப் பிட்டு வைப்பார். லிங்கப்பன் கொண்டுபோன காகிதங்களை இரண்டு அடுக்காகப் பிரித்து வைத்துவிட்டுச் சொன்னார்:

"முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்குங்க. மைசூர் கோர்ட்ல இந்தக் கேஸைப் போட்டுப் பிரயோஜனமே இல்லை. நம்ம ஜட்ஜ் தீர்ப்புக் கொடுத்தாலும் கண்டோன்மென்ட்ல அது அந்நிய தேசத்துத் தீர்ப்பு."

"அந்நிய தேசமா? காலையில ரயிலேறுனா மத்தியானச் சோத்துக்குப் போயிருலாமே சாமி."

"சோறு சாப்பிடலாம். ஜப்தி பண்ண முடியாது. அது பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஆளுகை. போதாததுக்கு, வழக்கு எதுவானாலும் எங்க ஊர்க் கோர்ட்லதான்னு ரெண்டு பேப்பர்லயும் அடியில அச்சடிச்சு வச்சிருக்கான், நீங்க கையெழுத்தும் போட்டிருக்கீங்க."

"நல்ல கூத்துங்க. நான் பொறந்த ஹனூரு மெட்ராஸ் கவர்மென்ட்டு. இருக்கறது மகாராஜா ராஜ்யம். இனி நடுவுல இருக்கற கண்டோன்மென்ட்டுக்குப் போய் நாயம் கேக்கணுமாக்கும். மூணு எடத்துலயும் நம்ம பேசறது மட்டும் ஒரே தமிழு!"

பர்னபாஸ் சிரித்துவிட்டு முதல் அடுக்கைத் தட்டினார். "இது விற்பனைப் பேப்பர். 'உள்ளது உள்ளபடி பார்த்துத் திருப்தியடைந்து வாங்கிக்கொண்டேன்'னு இருக்கு. பழைய சாமான் விக்கிறவன் எல்லாரும் இப்படித்தான் எழுதுவான். வாங்கறவன் சோதிச்சுப் பார்த்துக்கணும், பின்னால வந்து அழக்கூடாதுன்னு அர்த்தம். ஆக, 'கெட்ட விமானத்தை வித்துட்டான்'னு கேஸ் போட முடியாது. அந்தக் கதவு சாத்தியாச்சு."

லிங்கப்பன் முகம் சுருங்கியது.

"இருங்க, இருங்க. இது ரெண்டாவது. ரிப்பேர்ப் பேப்பர். தசராவுக்கு முன்னால சிறகைப் பிரிச்சு ஒட்டினதுக்கு. இதுல 'உள்ளது உள்ளபடி' கிடையாது. ஒருத்தன் ஒரு வேலையைக் கைநீட்டி வாங்கிச் செய்யறான்னா, அந்தத் தொழில்காரன் ஒழுங்காச் செய்யற மாதிரி செஞ்சே ஆகணும். எழுதாட்டியும் அது சட்டம். சாமான் விக்கிறது வேற, வேலை செஞ்சு கொடுக்கறது வேற. அந்த மூட்டை அவன் சரியா ஒட்டலை, அதனாலதான் சிறகு போச்சுன்னு நாம காட்டணும். ஒட்டலைங்கறதும் வேணும், அதனாலதான்ங்கறதும் வேணும். ரெண்டு காலும் இருந்தாத்தான் கேஸ் நிக்கும்."

"எனக்கு அவன் துட்டு வேண்டாமுங்க. எந்தம்பி மேல தப்பில்லைன்னு ஒரு வரி எழுதி வாங்கிக் குடுத்துருங்க."

"அதுக்குத்தான் பார்க்கறேன். விமானத்தை நீங்க நல்லா வச்சிருந்தீங்கன்னு காட்ட ஏதாவது இருக்கா?"

இருக்காவது! லிங்கப்பன் ஷெட்டுக்கு ஓடி, சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த ஆயுத பூஜைப் படத்தைக் கழற்றிக்கொண்டு வந்தார். மாலையும் வாழைக்கன்றுமாக விமானம் மணப்பெண் மாதிரி நின்றது. சிறகடியில் பொட்டு வரிசை வரிசையாக.

"பாருங்க, எந்தப் பஸ்காரன் இப்பிடிப் பாத்துக்குவான்?"

"அடடா" என்றார் பர்னபாஸ். "இதையும் ஆவணமா சேர்த்துருவோம்." வேதக்கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர், பூஜை பற்றி அவருக்குத் தெரிந்தது, அது மரியாதையான காரியம் என்கிற மட்டும்தான். விமானம் பற்றித் தெரிந்தது அதைவிடக் குறைவு. தெரிந்தவன் அப்போது காலில் கட்டோடு ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

வழக்கு விசாரணைக்கு வந்தது மறு வருஷம். முறிந்த சிறகைத் துணியில் சுற்றிக் கண்டோன்மென்ட் கோர்ட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார்கள். உள்ளே வைக்க இடம் போதாமல் அதைக் கோர்ட் வராந்தாவில் சாய்த்து, கயிற்றில் ஒரு அட்டை கட்டி நம்பர் போட்டிருந்தார்கள். விசாரணை இங்கிலீஷில். நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர்.

லிங்கப்பன்தான் முதலில் கூண்டில் ஏறினார். கம்பெனி வக்கீல் மெலிந்த மனிதர். அதட்டல் மிரட்டல் எதுவும் இல்லை. லிங்கப்பன் உறுமலை எதிர்பார்த்துப் போயிருந்தார். அந்த மனிதர் பேசியது நலம் விசாரிப்பது போல இருந்தது.

"விமானத்தை ரொம்ப அக்கறையாக வைத்திருந்தீர்களாம்."

"எம்புள்ளையாட்டம் வச்சிருந்தேனுங்க."

"இந்தப் படம் நீங்கள் கொடுத்ததுதானே? பூஜையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்களேன்."

லிங்கப்பனுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. தண்ணீர் ஊற்றியது முதல் மாலை போட்டது வரை சொன்னார். சிறகடியில் வைத்த பொட்டு யார் வைத்தது என்று கேட்டபோது நிமிர்ந்தார்.

"நானேதானுங்க. வேற ஆள உடுவனா? ஒரு கண்ணு பாக்கியில்லாம வச்சேன்."

"பிறகு அழித்துவிடுவீர்களோ?"

"சேச்சே! அழிப்பாங்களாங்க? தானா உதுரணும்."

"உதிர்ந்ததா?"

"ஒண்ணுகூட உதுரலீங்க" என்றார் லிங்கப்பன். அதைச் சொல்லும்போது அவர் குரலில் பெருமைதான் இருந்தது. "இப்ப வெளிய போய்ப் பாருங்க, அப்பிடியே இருக்குது."

"மிகவும் நன்றி" என்று கம்பெனி வக்கீல் உட்கார்ந்துவிட்டார். லிங்கப்பன் கூண்டிலிருந்து இறங்கி வந்து, "சாது மனுசன். ஒண்ணுமே கேக்கத் தெரியல" என்று பர்னபாஸ் காதில் சொன்னார். பர்னபாஸோ பெஞ்சின் கோடியில் கம்பை ஊன்றி உட்கார்ந்திருந்த சித்தையனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது வெளுத்துப்போயிருந்தது.

அடுத்தது ரத்தினசாமி. இந்த மாதிரி மரவேலையில் தேர்ந்தவர் என்று லிங்கப்பன் தரப்பில் மெட்ராஸிலிருந்து கூட்டிவந்த எஞ்சினியர். அவர் சொன்னதை ஜட்ஜ் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

விமானத்து மரத்தை ஒட்டும் பசை பாலிலிருந்து வருகிறது. பால் திரிந்தால் வரும் கட்டியைக் காயவைத்துப் பொடித்துச் சுண்ணாம்பு சேர்த்த பொடி. தண்ணீரில் கரைத்தால் சில மணி நேரத்துக்குள் பூசிவிட வேண்டும். காலையில் கரைத்ததைச் சாயங்காலம் பூசினால் பிடிக்காது. மேலே பார்க்க ஒட்டின மாதிரியே இருக்கும். ஒழுங்காக ஒட்டிய மூட்டை உடைத்தால் பசை விடாது, மரம்தான் நார் நாராகப் பிய்ந்து வரும். ஒட்டாத மூட்டு சுத்தமாகக் கழன்று வரும், பசை ஒரு பக்கத்தில் கண்ணாடிச் சில்லு மாதிரி பளபளக்கும். ரத்தினசாமி ஒரு மரத்துண்டைத் தூக்கிக் காட்டினார். பளபளத்தது. பழைய பசையைப் பூசியிருக்கிறார்கள் என்றார்.

லிங்கப்பன் பர்னபாஸின் முழங்கையை இறுகப் பிடித்தார்.

கம்பெனி வக்கீல் எழுந்தார். "பாலிலிருந்து வந்த பசை என்கிறீர்கள். ஈரத்திலேயே கிடந்தால் அது என்னவாகும்?"

"பூஞ்சை பிடிக்கும். பிடிச்சா பசையைத் தின்னுடும்."

"இந்தச் சிறகில் பூஞ்சை உண்டா?"

"உண்டு." ரத்தினசாமி தயங்கவில்லை. "பின்விளிம்பை ஒட்டின மூட்டுகள்ல நிறைய இருக்கு. தொட்டா உதிருது."

"ஈரம் தங்காமலிருக்கச் சிறகில் ஏற்பாடு எதுவும் கிடையாதா?"

"வடிகால் துளைகள் உண்டு. அதுக்குத்தான் பித்தளைக் கண்கள்."

"அந்தக் கண்கள் இப்போது எப்படி இருக்கின்றன?"

ரத்தினசாமி ஒரு நிமிஷம் லிங்கப்பனைப் பார்த்தார். "அடைபட்டிருக்கு. சந்தனத்தால."

அப்போதுதான் லிங்கப்பனுக்கு விளங்கியது. கொட்டகையில் தம்பியின் கையைத் தான் பிடித்துக்கொண்டது, அவன் தலையைச் சொறிந்தது, சிரித்தது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. 

"முதலில் கழன்றது பளபளக்கிற அந்த மூட்டா, பூஞ்சை தின்ற மூட்டுகளா?" என்று கேட்டார் கம்பெனி வக்கீல்.

"அதைச் சொல்ல முடியாதுங்க. ஒண்ணு போனா சுமை அடுத்ததுக்கு மாறும், அதுவும் போகும். எல்லாம் முடிஞ்சப்புறம் எது முதல்ல போச்சுன்னு மரம் சொல்லாது. யார் சொன்னாலும் அது ஊகம்தான்."

கூட்டிவந்த சாட்சி பொய் சொல்லாதவராக இருந்துவிட்டார். அவர் மேல் குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை.

கடைசியில் சித்தையன் கூண்டேறினான். படியில் கால் எட்டாமல் சேவகன் கைகொடுத்தான். பறந்ததையும் சிறகு விட்டுப்போனதையும் திருப்பத்தில் தான் ஒன்றும் முறுக்கவில்லை என்பதையும் சுருக்கமாகச் சொன்னான். கம்பெனி வக்கீல் அதையெல்லாம் மறுக்கவே இல்லை.

"அந்தத் துளைகள் எதற்கென்று உங்களுக்குத் தெரியுமா?"

அந்தக் கேள்வியில் இருந்த பொறியைப் பர்னபாஸ் பிறகு ரயிலில் லிங்கப்பனுக்கு விளக்கினார். தெரியாது என்றால், விமானத்தைப் பற்றித் தெரியாதவனுக்கு லைசென்ஸ் எதற்கு என்றாகும். தெரியும் என்றால், தெரிந்தே அடைபட்ட சிறகோடு பறந்தவன் என்றாகும். அண்ணனிடம் சொன்னேன், கேட்கவில்லை என்றால், அண்ணனும் மாட்டிக்கொள்வான், தம்பியும் தப்ப மாட்டான். விமானத்தில் ஏறும் முன் சுற்றி வந்து பார்த்துக்கொள்ள வேண்டியது விமானியின் பொறுப்பு. சொந்தக்காரன் சொன்னான் என்பது அங்கே செல்லாது. மூன்று பக்கமும் சுவர்.

இதெல்லாம் லிங்கப்பனுக்கு அப்போது தெரியாது. அண்ணன் மேல் சொல்லிவிட்டுத் தப்பித்துக்கொள்ளட்டும் என்று மட்டும் மனசு அடித்துக்கொண்டது. சொல்லுடா, சொல்லித் தொலைடா.

"தெரியும்" என்றான் சித்தையன்.

"அடைபட்டிருந்ததைப் பார்த்தீர்களா?"

"பாத்தேன். தொடச்சிருக்கணும். தொடைக்கல."

"உங்கள் அண்ணனிடம் சொன்னீர்களா?"

சித்தையன் பெஞ்சுப் பக்கம் திரும்பவே இல்லை. "இல்லை" என்றான்.

லிங்கப்பன் எழுந்துவிட்டார். "பொய்யிங்க! அவன் சொன்னானுங்க! நாந்தான் கையப் புடிச்சு..."

ஜட்ஜ் ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னார்: "உங்கள் சாட்சியம் முடிந்துவிட்டது. உட்காருங்கள்." பர்னபாஸ் அவருடைய அங்கவஸ்திரத்தைப் பிடித்து இழுத்தார். லிங்கப்பன் சொன்ன எதுவும் எழுதப்படவில்லை.

தீர்ப்பு வர ஆடி ஆயிற்று. மறுபடி மூவரும் ரயிலேறிப் போனார்கள். ஜட்ஜ் நியாயமான மனிதர். மூட்டுகளில் ஒன்றையாவது கம்பெனி சரியாக ஒட்டவில்லை என்பது நிரூபணமானது என்றே எழுதியிருந்தார். அந்த வரியைக் கேட்டபோது லிங்கப்பன் கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் சிறகு போனது அந்த மூட்டினால்தானா, சொந்தக்காரர் அடைத்துவைத்த ஈரத்தினாலா என்பது தெரியவில்லை. தெரியாத இடத்தில், வழக்குப் போட்டவர்தான் நிரூபிக்க வேண்டும். நிரூபிக்கவில்லை. ஆகையால் வழக்குத் தள்ளுபடி. துளைகள் அடைபட்டிருந்தது தெரிந்தும் பறந்ததாக விமானியே ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று கடைசியில் ஒரு வாக்கியம் இருந்தது. லைசென்ஸைத் திருப்பித் தராமலிருக்க டில்லிக்கு அது ஒன்று போதும்.

"மேல கோர்ட்டு இல்லீங்களா?" என்றார் லிங்கப்பன்.

"இருக்கு. ரெசிடென்ட் கோர்ட். ஆனா அங்கே புதுசா யாரையும் கூப்பிட்டு விசாரிக்க மாட்டாங்க. இங்கே எழுதி வச்சதைத்தான் படிப்பாங்க." பர்னபாஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தப் படத்தை நான் வாங்கியே இருக்கக் கூடாது லிங்கப்பன். ஒரு தடவை சித்தையன்கிட்டக் காட்டியிருந்தா போதும்."

"குடுத்தது நானுங்க."

பர்னபாஸ் நகல் எடுக்கச் சொல்ல உள்ளே போனார். அண்ணனும் தம்பியும் வராந்தாவில் நின்றார்கள். வெளியே தூறிக்கொண்டிருந்தது.

"ஏண்டா இல்லைன்னு சொன்னே?"

"சொல்லியிருந்தா மட்டும் லைசென்ஸு வந்துருமா?" சித்தையன் கம்பை மாற்றிப் பிடித்தான். "எனக்குத்தான் பறக்கறதுக்கில்ல. நீங்க தெனம் ஷெட்டுக்குப் போவோணும், டிரைவருங்க மூஞ்சில முழிக்கோணும். உங்க மேல பழி கம்பெனிக்காரன் வாயில இருந்து வந்தா வேற, எம்வாயில இருந்து வந்தா வேறங்ண்ணா."

 சித்தையன் படி இறங்கி, ஜட்கா வண்டி ஏதாவது வருகிறதா என்று பார்க்கப் போனான்.

சிறகு அதே இடத்தில் சாய்ந்திருந்தது. சுற்றியிருந்த துணி நழுவிக் கிடந்தது. பின்விளிம்பு தரையில் ஊன்றாமல் ஒரு பக்கமாகத் தூக்கியிருந்ததால் கண்கள் எல்லாம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தன. குங்குமம் கறுத்திருந்தது. சந்தனம் மட்டும் வைத்த நாளைப் போலவே இருந்தது. முகர்ந்தால் மணம்கூட இருக்குமோ என்று தோன்றியது. லிங்கப்பன் குனிந்து, கட்டைவிரல் நகத்தால் ஒரு கண்ணைச் சுரண்டினார். முதலில் வரவில்லை. இன்னும் அழுத்தினார். ஓரத்தில் சின்னதாக ஒரு செதில் பெயர்ந்தது.

"ஏய், ஏய்! ஏனு மாடுத்தீரி?" கோர்ட் சேவகன் ஓடிவந்தான். என்ன பண்ணுகிறீர்கள் என்று கன்னடத்தில் ஆரம்பித்தவன் ஆளைப் பார்த்துத் தமிழுக்கு மாறினான். "பெரியவரே, கையை எடுங்க, அது கோர்ட்டுப் பொருள். நம்பர் போட்டிருக்கு, தெரியலியா?"

"என்னுதுதாம்பா. இந்தப் பொட்ட மட்டும் தொடச்சு உட்டுர்றேன்."

"அதுல எதையும் தொடக்கூடாது. அப்பீல் கெடு முடியற வரைக்கும் இருக்கறது இருக்கறபடி இருக்கணும். துடைச்சீங்கன்னா எனக்கு வேலை போயிரும்."

லிங்கப்பன் கையை எடுத்தார். நகத்துக்குள் சந்தனம் ஏறியிருந்தது. சேவகன் துணியை இழுத்துச் சிறகின் மேல் போர்த்திவிட்டு, அவர் போகிற வரை பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.

"அண்ணா, வண்டி வந்துருச்சு" என்று தெருவிலிருந்து சித்தையன் கூப்பிட்டான்.